நாலு சக்கரக் கப்பல்

தொல்லியல் ஆய்வாளர் மண்டியிட்டு, சுவரில் கீறியிருந்த கப்பலின் மேல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார்.

வீட்டைக் கூட்டித் துடைக்கிறவள் கதவோரம் ஒதுங்கி நின்றாள். கையிலிருந்த ஈரத் துணியைப் பிழிய மறந்திருந்தாள்.

பார்க்க வேண்டிய பழைய சிற்றூர்கள் என்று யாரோ போட்ட பட்டியலில் இந்த ஊர் ஏறியதே அந்தக் கப்பலால்தான். வீட்டைப் புதுப்பிக்க வந்தவர்கள் பின்னறைச் சுவரைச் சுரண்டியபோது, மூன்று பூச்சுச் சுண்ணாம்புக்கு அடியில் அது கிடைத்தது. அதற்குப் பிறகு வாரம் தவறாமல் பஸ் பஸ்ஸாக ஜனம்.

பழையது என்று ஆய்வாளர் எழுதினால் அதற்குக் கண்ணாடி போடுவார்கள். இல்லையென்றால் பூசி மூடிவிடுவார்கள். கொத்தனார் சட்டியும் கரண்டியுமாக வாசலிலேயே காத்திருந்தார்.

"கப்பல் போச்சுன்னா நம்ம பொழப்பும் போச்சுக்கா" என்று, வருகிறவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டி காலையிலேயே அவளிடம் சொல்லியிருந்தார்.

இப்போது அவர் ஆய்வாளரிடம் ஆரம்பித்தார். "நூத்தம்பது வருஷத்துக்கு முந்தி ஒரு கைதிய இங்க அடைச்சு வச்சிருந்தாங்க சார்."

சொல்லிச் சொல்லி அவருக்கே அது சரித்திரமாகியிருந்தது.

ஆய்வாளர் நாடாவை வைத்து அளந்தார். தரையிலிருந்து மூன்றடிகூட இல்லை.

"ஏன் இவ்ளோ கீழ வரைஞ்சிருக்கான்?"

"கால்ல சங்கிலி சார். உக்காந்தவாக்குல வரைஞ்சிருப்பான்."

"கப்பலுக்குச் சக்கரம் வேற."

"நீராவிக் கப்பல்ல பக்கத்துல சக்கரம் இருக்கும்ல சார்."

"இருக்கும். வண்டி மாதிரி அடியில நாலு இருக்காது."

வழிகாட்டி குனிந்து கப்பலின் அடியைப் பார்த்தார். வாசலில் கொத்தனார் இருமினார்.

ஆய்வாளர் டார்ச்சை அணைத்தார். "கடைசியா இங்க குடியிருந்தது யாரு?"

"யாரோ வாடகைக்கு இருந்தாங்களாம் சார். நான் வெளியூரு. அக்காதான் இந்த ஊரு, அவங்கள கேளுங்க."

ஆய்வாளர் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா, அவங்களுக்குக் கொழந்த குட்டி எதுவும் இருந்துச்சா?"

துணியிலிருந்து தண்ணீர் அவள் கால்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. பழைய தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல அவளைத் தவிர ஆளில்லை.

"இல்லைங்க" என்றாள். "அவங்களுக்குக் கொழந்தையே கெடையாது."

ஆய்வாளர் சுவர்ப் பக்கம் திரும்பினார். சுண்ணாம்பு விளிம்பை நகத்தால் சுரண்டினார். பிறகு தாளில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"கண்ணாடி போட்டுருங்க."

வழிகாட்டி அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். கொத்தனார், அரை நாள் வீணாப் போச்சு என்று முணுமுணுத்தபடி சட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

எல்லோரும் போன பிறகு அவள் தரையைத் துடைத்தாள். கப்பலுக்கு நேரே வந்ததும் கை நின்றது.

மூன்று தடவையும் சுண்ணாம்பு அடித்தது அவள் புருஷன். பிள்ளையை இடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போன மூன்றாம் நாள் ஒரு தடவை; கோடு இன்னும் தெரிகிறது, பார்க்க முடியவில்லை என்று பிறகு இரண்டு தடவை.

ஆற்றுப் பக்கம் போகாதே என்று சொல்லியும் போய்விட்டு வந்தான் என்று, ஒரு பகல் முழுக்க அவனை இந்த அறையில் வைத்துப் பூட்டியவள் அவள்தான். கதவை உதைத்தான், அழுதான், பிறகு சத்தமே இல்லை. அவனுக்கு ஆணி எங்கே கிடைத்தது என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

சாயங்காலம் திறந்தபோது அவன் முகம் வீங்கியிருந்தது. அவளுக்கு மனசு கேட்கவில்லை.

மறுநாள் பூட்டவில்லை.