பகலில் வீட்டில் யார்

பகல் முழுக்க வீட்டில் யார் இருப்பார்கள் என்று சிகப்பி ஆச்சி கேட்டார்.

யாரும் இருக்க மாட்டார்கள் என்றாள் நாய் கேட்டு வந்திருந்த நவமணி.

பக்கத்து நாற்காலியில் இருந்த பத்துமலை திரும்பி மனைவியைப் பார்த்தான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

ஈப்போவில் கோப்பேங் சாலையோரம் ஆச்சியின் வீடு. கணவர் காலமாகிப் பிள்ளைகளும் கோலாலம்பூர் போய்விட்ட பிறகு, ஆச்சி பதினாறு நாய்களோடு இருந்தார். ரப்பர் தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறிக்கொண்டிருந்த காலம். தோட்டத்து வரிசை வீடான லயத்தைக் காலி செய்துகொண்டு போகிறவர்கள் சட்டி பானையை லோரியில் ஏற்றுவார்கள். நாயை ஏற்ற மாட்டார்கள். அப்படி நின்றுபோனவற்றைத் தேடிப் பிடித்து வந்து, சோறு போட்டு, புண் ஆற்றி, நல்ல இடமாகப் பார்த்துக் கொடுப்பார் ஆச்சி.

நவமணியின் காலடியில் கிடந்த செவலை நாயும் அப்படி வந்ததுதான். பீடோர் பக்கம் ஆளில்லாத லயத்தில் பதினைந்து நாள் காத்துக் கிடந்ததாம். இவர்கள் வந்து உட்கார்ந்ததும் நேரே வந்து அவள் பாதத்தின் மேல் மோவாயை வைத்துக்கொண்டது.

ஆச்சிக்கு அது பிடித்திருந்தது. அதனால்தான் விடாமல் கேட்டார்.

காலை ஆறரைக்கு இருவரும் கிளம்பிவிடுவோம் என்றாள் நவமணி. அவன் சிம்பாங் பூலாயில் கல் லோரி ஓட்டுகிறான். அவளுக்கு ரேடியோவுக்குள் வைக்கிற சின்னச் சாமான்கள் செய்யும் பாக்டரியில் வேலை. திரும்ப ஐந்தரை ஆகும். சனிக்கிழமை மட்டும் அரை நாள். இன்று சனிக்கிழமை என்பதால் பாக்டரி வாசலிலிருந்தே மோட்டார் சைக்கிளில் நேரே வந்திருந்தார்கள். நீலச் சட்டையைக்கூட அவள் மாற்றவில்லை.

கதவு? வெளியே பூட்டு.

ஜன்னல்? கம்பி போட்டது. ஒரு பக்கம் திறந்திருக்கும்.

சோறு? காலையிலேயே ஆக்கி மூடி வைத்துவிடுவோம். தண்ணீர் எட்டுகிற இடத்தில் இருக்கும்.

மத்தியானத்துக்கு மேல் இடி இடிக்கிற ஊராயிற்றே என்றார் ஆச்சி.

இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடும் என்றாள் நவமணி.

"அழாதா?"

"மொத ஒரு வாரம் அழும் ஆச்சி. அப்பறம் பழகிரும். சத்தம் போடாது."

ஆச்சி அவளை உற்றுப் பார்த்தார். முன்னமே நாய் வளர்த்திருக்கிறாய் போல என்றார்.

நவமணி குனிந்து செவலையின் காதைத் தடவினாள்.

பலகை வீடா என்று ஆச்சி கேட்டார். ஆமாம். அக்கம்பக்கத்தில் தீப்பிடித்தால் பூட்டை யார் திறப்பார்கள் என்றார் ஆச்சி.

பாக்டரியில் கை வேலை செய்துகொண்டிருக்கும்போது எத்தனையோ நாள் அந்த நினைப்பு வந்து, அவசரமாக வேறு எதையோ நினைத்துக்கொண்டவள் நவமணி. இப்போது இன்னொருவர் வாயிலிருந்து வந்தபோது காது மடல் வரை சுட்டது.

ஆச்சியின் குரல் இறங்கியது.

"கோவிச்சுக்காத புள்ள. வாயில்லாத சீவன். பதினோரு மணி நேரம் பூட்டிப் போட எனக்கு மனசு வரல. வீட்ல ஒரே ஒரு ஆள் இருக்குன்னு சொல்லு, இப்பவே கூட்டிட்டுப் போ."

"ஆச்சி, வீட்ல வந்து..." என்று பத்துமலை ஆரம்பித்தான்.

நவமணி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதியப் பிடித்தாள்.

அவன் நிறுத்திக்கொண்டு எழுந்தான். செவலை வெளிக்கதவு வரை கூடவே வந்தது. ஆச்சி அதன் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பாதி வழியில், சிவப்பு விளக்குக்கு நின்றபோது, பத்துமலை திரும்பாமலே சொன்னான்.

"சொல்லியிருக்கலாம்லா."

அவள் அவன் முதுகில் நெற்றியை முட்டிக்கொண்டாள்.

வீட்டு வாசலில் சந்தின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அவள் பூட்டைத் திறந்தாள். எப்போதும் அப்படிப் பார்த்துவிட்டுத்தான் திறப்பாள்.

கதவுக்கு நேரே செல்லாயி நின்றிருந்தாள். அவர்களுடைய மகள். ஆறு வயது.

தோட்டத்தில் இருந்தவரை ஆயாக்கொட்டகை இருந்தது. வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை அங்கே விட்டுப் போனார்கள். ஈப்போவுக்கு வந்த பிறகு பக்கத்து வீட்டு இருளாயி அக்கா பார்த்துக்கொண்டார். அவர் தன் மகளோடு இருக்கத் தைப்பிங் போய் மூன்று மாதம் ஆகிறது. ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்துவிடும், அதுவரைதானே என்று இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். கேட்டவர்களிடம் பிள்ளை தைப்பிங்கில் அக்காவோடு இருக்கிறாள் என்றார்கள். துணைக்கு ஒரு நாயாவது இருக்கட்டும் என்பது பத்துமலையின் யோசனை.

செல்லாயி மூலையில் சாக்கை மடித்து விரித்திருந்தாள். பக்கத்தில் ஒரு மூடியில் தன் சோற்றில் பாதி.

அம்மாவைத் தாண்டி, அப்பாவைத் தாண்டி, மோட்டார் சைக்கிளைப் பார்த்தாள்.

நவமணி கதவைச் சாத்தினாள். ஆளில்லாத வீட்டுக்கு நாய் தர மாட்டார்களாம் என்றாள்.

செல்லாயி விரித்து வைத்த சாக்கைப் பார்த்தாள். பிறகு, வெளியே கேட்காதபடி பேச அவளுக்குப் பழக்கியிருந்த அந்தச் சின்னக் குரலில் கேட்டாள்.

"நான் இருக்கேன்னு சொல்லலியாம்மா?"