அழித்த கோப்பின் கனம்

"நம்ம சாஃப்ட்வேர் கோட் இவ்வளவு கனத்துப் போனதுக்குக் காரணம், மூணு வருஷத்துக்கு முன்னாடி நீங்க தெரியாம அதுல சேர்த்துவிட்ட வீடியோதான்," என்றார் டீம் லீட் சற்குணம்.

"மறுநாளே நீக்கிட்டேனே," என்றாள் ஜெபசீலி.

"பழைய பதிவுல அப்படியே கிடக்கு. புதுசா யார் சேர்ந்தாலும் அவங்க கம்ப்யூட்டர்ல அதுவும் கூடவே இறங்குது. வேரோட எடுத்துடுங்க."

அந்த வீடியோ, அவள் வயிற்றில் இருந்த குழந்தையின் ஐந்தாம் மாத ஸ்கேன். வீட்டிலிருந்த பிரதிகளையெல்லாம், ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய அன்றே கணவன் அழித்திருந்தான்.

அவள் வீடியோவை நீக்கும் கட்டளையைத் தட்டினாள், தட்டியதை அழித்தாள், எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி தட்டினாள். எண்டர் மட்டும் பாக்கி.

பக்கத்து மேசையில் நேற்றுச் சேர்ந்த ஷர்மிளா திரும்பினாள். "அக்கா, கோட் இன்னும் இறங்கிக்கிட்டே இருக்கு. நிறுத்திட்டு அப்புறம் எடுக்கவா?"

"வேண்டாம்," என்றாள் ஜெபசீலி. "முழுசா இறங்கட்டும்."