வாசலில் ஓரடிப் பட்டை

தரையைச் சதுர அடிக் கணக்கில் துண்டு துண்டாக விற்கலாம் என்று சட்டம் வந்த பிறகுதான் தெய்வசிகாமணி முதலீட்டில் இறங்கினார். துண்டை மிதிப்பவரின் கணக்கிலிருந்து வாடகை தானாகவே உரிமையாளருக்குப் போய்விடும்.

“கட்டிலுக்கடியில எவன் மிதிப்பான் நவமணி?” என்று மனைவிக்குப் பொறுமையாக விளக்குவார். “ஆளுங்க வேற வழியில்லாம மிதிக்கிற எடமாப் பாத்து வாங்கோணும்.”

அப்படித்தான் பீளமேட்டில் ஒரு லிஃப்டின் முன்னால் கொஞ்சம் வாங்கினார். வாடகை கொட்டியது. அடுத்து ஒரு கல்யாண மண்டபத்தில் கைகழுவும் இடம் விலைக்கு வந்தது. அதற்காகச் சொந்த வீட்டு வாசலை ஒட்டி உள்ளே ஓரடிப் பட்டையை யாருக்கோ விற்றார்.

“ஒரு தாண்டு தாண்டுனா வாடகை மிச்சம்!”

நவமணியும் தாண்டினாள். ஒருநாள் மாவுத் தூக்கோடு விழுந்து கணுக்கால் வீங்கியது. எப்படித் தாண்டியிருக்க வேண்டும் என்று அவர் அதையும் விளக்கினார்.

அடுத்த வாரம் அலுவலகத்திலிருந்து பசியோடு வந்தவர் வழக்கம்போல வாசலைத் தாண்டிக் குதித்தார். கைபேசி மணியடித்தது. வாடகை போயிருந்தது.

“தாண்டித்தானே வந்தேன்?”

நவமணி சோபாவில் காலை நீட்டியபடி சொன்னாள்: “தாண்டறதுக்கு முன்னால வெளிய காலூனி நிப்பீங்களே, அந்த எடம் இப்ப என்னுதுங்க. எங்கண்ணன் கொடுத்த பணத்துல வாங்குனேன்.”

தெய்வசிகாமணிக்குக் கோபத்தைவிட வியப்பே முதலில் வந்தது. “நல்ல எடமாத்தான் புடிச்சிருக்கே!”

பிறகு, தூரத்திலிருந்து ஓடிவந்தே தாண்டலாமா என்று வெளியே எட்டிப் பார்த்துக் கண்ணால் அளந்தார்.

“அளக்காதீங்க. எதிர்வீட்டு வாசல் வரைக்கும் பேசி முடிச்சாச்சு. என் வாடகை நிக்கோணும்னா பேசாம நம்ம வாசலைத் திருப்பி வாங்குங்க.”