உறைய வைக்கும் வைத்தியம்

போனில் ‘புற்றுநோய்’ என்ற வார்த்தை மட்டும் காதில் விழ, அக்கா அடித்துப் பிடித்துக்கொண்டு தம்பி வீட்டுக்கு ஓடிவந்தாள். தம்பி நெற்றியில் கட்டோடு துவண்டு படுத்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள் அவன் மனைவி.

அக்கா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “புற்றுநோயா?”

“இல்லை அண்ணி. அப்படி மாறிடக் கூடாதுன்னுதான் இந்தச் சிகிச்சை. கெட்டுப்போன செல்லையெல்லாம் உறைய வெச்சு அழிச்சிட்டாங்க. பத்து நிமிஷ வேலை.”

“ரொம்ப வலிச்சுதாடா?”

“இப்ப பரவாயில்லைக்கா,” என்று முனகினான் தம்பி.

“அதுக்கு ஏம்மா நெத்தியில உறைய வெச்சாங்க?”

“சிகிச்சை எனக்கு அண்ணி, கர்ப்பப்பை வாயில. தைரியம் சொல்லக் கூட வந்தவரு, டாக்டர் கருவியை எடுத்ததுமே மயங்கி விழுந்துட்டாரு. எனக்குத் தையலே இல்லை, அவருக்குத்தான் மூணு.”