ரஞ்சனுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?

காமினியின் கண் முன்னாலேயே ரஞ்சனின் கழுத்தில் கத்தியை வைத்தார்கள். "காதலிச்ச பாவத்துக்கு இன்னைக்கு உசுர விடப்போறான்" என்று சிரித்தான் கூட்டத்தின் தலைவன்.

"ஐயோ அக்கா! ரஞ்சனுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" இருளாயி சோற்றுக் கையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"பொறுடி. மிச்சத்தை இனிமேத்தான் எழுதணும்" என்று காகிதத்தை மடித்தாள் சீனியம்மாள்.

கப்பலூரில் அந்த பிளாஸ்டிக் கம்பெனியின் சாப்பாட்டு நேரம் இப்போதெல்லாம் இப்படித்தான் போனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் ஒரு இந்தி நாடகம். அதில் ரஞ்சனும் காமினியும் ஜோடியாக உளவு பார்ப்பார்கள். துப்பாக்கி புரிந்தது, துரத்தல் புரிந்தது. பேச்சுதான் சீனியம்மாளுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

அதனால் என்ன? புரியாத இடத்தையெல்லாம் காதலைப் போட்டு நிரப்பினாள். ஆபீஸ் டைப்பிஸ்ட் என்பதால் கதையைப் படியெடுக்கக் கார்பனுக்குப் பஞ்சமில்லை. பேக்கிங் பெண்கள் நாடகத்தை நம்பியதை விட அவள் கதையைத்தான் அதிகமாக நம்பினார்கள்.

இரண்டு வாரத்துக்கு முன்பு நாடகத்தில் ஒரு காட்சி. சண்டைக்குக் கிளம்பும் ரஞ்சனின் மணிக்கட்டில் காமினி சிவப்புக் கயிறு ஒன்றைக் கட்டினாள். அவன் கண் கலங்கி அவள் தலையில் கை வைத்தான். சீனியம்மாளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நம் பக்கம் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் கையில் காப்புக் கட்டுவதில்லையா? 'கயிறு ஏறினால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி' என்று அன்றைக்கே எழுதிவிட்டாள்.

எழுதியதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவளுக்கும் ஒரு ரஞ்சன் இருந்தான். வடக்கேயிருந்து வந்த சூப்பர்வைசர் ஓம்பிரகாஷ். போன திங்கட்கிழமை குடோனுக்குப் பின்னால், வாயைத் திறக்காமல், அவன் கையில் சிவப்புக் கயிற்றைக் கட்டிவிட்டாள். அவனுக்கும் கண் கலங்கியது. அவனும் அவள் தலையில் கை வைத்தான். அன்றிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"அக்கா..." இருளாயியின் குரல் திடீரென்று இறங்கியது. "ஒண்ணு சொன்னா அடிக்க மாட்டீங்கல்ல? நீங்க பிரகாஷ் சாருக்குக் கயிறு கட்டுனதை நான் பாத்தேன். ராத்திரி எங்கண்ணன்கிட்ட வாய் தவறிச் சொல்லிட்டேன்."

சீனியம்மாள் அவள் கையை இறுகப் பிடித்தாள். இருளாயியின் அண்ணன் கிளீனராக இருப்பது சோணைமுத்துவின் லாரியில். சோணைமுத்து சீனியம்மாளுடைய சொந்த அண்ணன். கீழக்குயில்குடி பஸ்ஸில் தங்கச்சியைப் பார்த்து விசிலடித்தவனின் பல்லை உடைத்து, போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போய் வந்த ஆள்.

"என்னன்னுடி சொன்ன?"

"பாதிக் கல்யாணம் முடிஞ்சிருச்சுன்னு..."

கேட்டில் ஒரு லாரி வந்து நின்றது. எப்போதும் தெருவைக் கூட்டுகிற மாதிரி ஹாரன் அடிப்பவன் இன்றைக்கு அடிக்கவில்லை. சோணைமுத்து சத்தமில்லாமல் இறங்கினான். கையில் ஜாக்கி ராடு. அவன் முகத்தைப் பார்த்த வாட்ச்மேன் ஒன்றும் கேட்காமல் ஒதுங்கிக்கொண்டார்.

"எங்கடா அந்த வடக்கத்தியான்?"

சீனியம்மாள் எழுந்து ஓடினாள். என்னால்தானே, என் கிறுக்குத்தனத்தால்தானே ஒரு உயிர் போகப் போகிறது என்று உள்ளே பதறியது. அதற்குள் பிரகாஷ் மிஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கே வந்துவிட்டான்.

"கையக் காட்டுடா. இந்தக் கயிறு யாரு கட்டுனது?"

பிரகாஷ் சட்டைக் கையை மேலே இழுத்து நன்றாகவே காட்டினான். "சீனி கட்டினா" என்றான், பெருமையாக.

பாவி மனுஷன், ஒரு பொய் சொல்லித் தப்பிக்கக் கூடாதா! ராடு மேலே எழும்பியது. சீனியம்மாள் குறுக்கே பாய்ந்து அண்ணன் கையைப் பிடித்துத் தொங்கினாள்.

"என்னைக் கொல்லுண்ணே! அவரு மேல கை வைக்காத. நானாத்தான் கட்டுனேன். அதுக்கு என்ன அர்த்தம்னு தெரிஞ்சுதான் கட்டுனேன்!"

"என்னடி அர்த்தம்?"

இம்புட்டுப் பேருக்கு முன்னால் அதை எப்படிச் சொல்வது? அவன் வாயால் வரட்டும். அதைக் கேட்டுவிட்டால் போதும், பிறகு அண்ணன் அவளை வெட்டிப் போட்டாலும் சரி.

"அவரையே கேளு" என்றாள்.

பிரகாஷ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். சட்டென்று முகம் மலர்ந்தது.

"நீங்க சீனியோட அண்ணனா? அடடா!" ராடைக் கண்டுகொள்ளாமல் சோணைமுத்துவைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். "டிவியில காமினி கட்டினா இல்ல, அதே கயிறுதான் இது. இந்த வருஷம் எனக்குக் கட்ட யாருமே இல்லன்னு அழுதுக்கிட்டு இருந்தேன். சீனி வந்து கட்டிட்டா."

சோணைமுத்துவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ராடு மட்டும் அந்தரத்தில் நின்றது. பின்னாலேயே மூச்சிரைக்க ஓடி வந்த இருளாயிக்குத்தான் பொறுக்கவில்லை.

"அப்ப அந்த ரஞ்சன், காமினிக்கு யாரு சார்?"

"நான் சீனிக்கு யாரோ, அதேதான்" என்று சிரித்தான் பிரகாஷ். "அண்ணன்!"