பித்தளைப் புஷ்

மேசையில் இரண்டு புஷ்கள் கிடந்தன. ஒன்று மஞ்சள் பித்தளை, மற்றது வெள்ளை நைலோன்.

உப்பளத்துப் பம்பின் தண்டு சுழல்வது அந்த வளையத்துக்குள்தான். இனி ஒரே சாதிப் புஷ்தான் வாங்குவோம், எது என்பதைப் பன்னிரண்டு வருஷமாகப் புஷ் மாற்றிவரும் ஆளிடமே கேட்டு எழுதுங்கள் என்று கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது.

"சொல்லுங்க காக்கா, எது நிண்டு பிடிக்கும்?" என்றான் அம்ஜத். மேனேஜராக வந்து மூன்று மாதம்தான்; புஷ் மாற்றும் அத்தாஉல்லாவை அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிடுவான்.

அத்தாஉல்லா இரண்டையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்க்க ஒன்றுமில்லை. அவருக்குத் தெரியும்.

களப்புத் தண்ணீரோடு வரும் உப்பும் மணலும் பித்தளையை நாற்பது நாளில் தின்றுவிடும். தண்டு ஆடும், பம்பு நிற்கும், மாம்புரியில் அவர் வீட்டுக்குத் தேடி ஆள் வரும். வந்தால்தான் அவருக்கு வேலை.

நைலோனையும் ஒருமுறை போட்டார். பித்தளை கிடைக்காத நேரம், மதுரங்குளி லேத்தில் கடைந்து எடுத்தது. பம்பு ஏழு மாதம் சத்தமில்லாமல் ஓடியது. ஏழு மாதமும் அவரை ஒருவரும் தேடவில்லை. நல்லாய்ச் செய்த வேலைக்குக் கிடைத்த கூலி அது.

"பித்தளைதான், தம்பி. பாரத்தப் பாருங்களே! மத்தது சின்னப் புள்ளையள்ட வெளையாட்டுச் சாமான்."

அம்ஜத் படிவத்தில் எழுதினான். கீழே அத்தாஉல்லா கையெழுத்துப் போட்டார். நாற்பத்தைந்து வயதில் மகள் அக்கீலாவிடம் படித்த எழுத்து. கடைசி எழுத்துகள் எப்போதும் சரிந்து விழும். அன்று நிமிர்ந்து நின்றன.

அம்ஜத் அதைப் படமெடுத்து அனுப்பினான். ஒரு பெட்டி பித்தளைக்கு ஓடர் போய்விட்டது.

பிறகு சிரித்துக்கொண்டே மேசை லாச்சியை இழுத்துத் திறந்து இன்னொரு கடதாசியை எடுத்தான். "ஒங்களுக்குச் சொல்லாம வெச்சிருந்தேன் காக்கா."

அத்தாஉல்லா எழுத்துக்கூட்டி வாசித்தார். பம்புப் பொறுப்பாளர். நிரந்தர வேலை. கீழே அவருடைய முழுப் பெயர். பன்னிரண்டு வருஷம் இதைக் கேட்டுத்தான் இந்த வாசலுக்கு நடந்தார்.

கடைசி வரிக்கு வர நேரம் எடுத்தது.

முதல் ஆறு மாதத்தில் புஷ் தேய்ந்தோ, அதை மாற்றவோ பம்பு ஒருமுறை நின்றாலும் நியமனம் ரத்து.

"அதுக்கென்ன, நீங்களே எடுத்துத் தந்த புஷ்தானே!" அம்ஜத் பேனையை நீட்டினான். "கையெழுத்துப் போடுங்க காக்கா... சந்தோஷமோ?"

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் அத்தாஉல்லா.