நல்லூர் என்று மட்டும் இருந்தது

பீங்கான் பொம்மைக் கம்பெனி வேலை முடிந்து மாலைக் கணினி வகுப்புக்குப் போனேன். நல்லூர் பழமலை மாமா காத்திருந்தார்.

"அர்ஃபா, ஒரு மனு டைப் பண்ணும்மா. தழை திங்கிற டைனோசரு எலும்பு எங்க நல்லூர்ல கிடைச்சதுன்னு மியூசியம் பதிவேட்டுல இருக்குதாம். அதனால என் நிலத்தை விக்கக் கூடாதுங்கறாங்க ஆபீசுல."

"கிடைச்சுதா மாமா?"

"கெணறு வெட்டுனப்ப ஒரு நாய் எலும்புகூட கிடைக்கல. வித்தாத்தான் உங்க அத்தை காசியம்மாளுக்கு ஆபரேஷன். டாக்டரு பத்து நாளு கெடு சொல்லிட்டாரு."

டைப் செய்தேன்.

"தப்பா ஏத்துனவன் கை வெளங்காமப் போவட்டும்னு எழுது."

"மனுவுல அப்படி எழுத முடியாதுங்க மாமா."

"அப்ப யாருன்னாவது கேளு."

அதையும் எழுதினேன். இரண்டு முறை சரிபார்த்துக் கொடுத்தேன். கும்பிட்டுவிட்டுப் போனார்.

போன மாதம் அந்தப் பழைய பதிவேட்டைக் கணினியில் ஏற்றும் வேலை எங்கள் வகுப்புக்குத்தான் வந்தது. அந்த எலும்பைக் கண்டெடுத்த இடம் 'நல்லூர்' என்று மட்டும் இருந்தது. மாவட்டம் இல்லை. தமிழ்நாட்டில் எத்தனையோ நல்லூர்கள் இருக்கலாம். எனக்குத் தெரிந்தது மாமாவின் நல்லூர் ஒன்றுதான். கட்டத்தைக் காலியாக விட்டால் தப்பாகிவிடுமோ என்று பயந்து, 'கடலூர் மாவட்டம்' என்று நான்தான் நிரப்பினேன்.